பழகப் போகவில்லை, படிக்கப் போகிறாள்

நாவற்குடா,
யூலை 3

தம்பி றெமீஜியஸ்,

அந்தோனியார் துணை. தங்கச்சி இமெல்டாவும் நானும் உயிரோடு இருக்கிறோம். அவள் மகள் டினோஷா நேற்று ஆசுபத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டாள். காய்ச்சல் இறங்கிவிட்டது, இருமல்தான் மிச்சம். சுகம் சொல்வது இவ்வளவோடு முடிந்தது. நான் உன்னோடு கோபமாக இருக்கிறேன் என்பதை முதல் பந்தியிலேயே எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் கடிதம் முழுக்க நீ அதைத் தேடிக்கொண்டிருப்பாய்.

இந்தக் காலத்தில் ஏன் கடிதம் என்று கேட்பாய். போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் நான் வாயைத் திறந்தபோதெல்லாம் நீ இடையில் புகுந்தாய். பிறகு சிரித்தாய். பிறகு தொடர்பு அறுந்துபோனது. கடிதத்துக்குள் உன்னால் இடையில் புக முடியாது. கிழிக்கலாம். ஆனால் வாசித்து முடித்த பிறகுதான் கிழிப்பாய். சின்ன வயதிலும் அப்படித்தான், என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் உன்னால் இருக்க முடியாது.

அன்று நீ சொன்னதை மறந்திருப்பாய். நான் மறக்கவில்லை. பக்கத்து வீட்டு ஆசியா உம்மா பிள்ளையின் சுகம் கேட்க வந்து கதிரையில் இருக்கிறா. இமெல்டா நிற்கிறாள். அவர்களுக்கு முன்னால் நீ சொல்கிறாய்: “படிக்காத ஆக்கள் பிள்ளையைப் படிக்க அனுப்ப வெளிக்கிட்டா இப்பிடித்தான் நடக்கும்.” ஆசியா உம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு முக்காட்டைச் சரிசெய்தா. எனக்கு எழுபத்தொரு வயது, தம்பி. எட்டாம் வகுப்போடு அப்பாவின் தோணியில் ஏறியவன் நான். புளியந்தீவில் பெரிய பள்ளிக்கூடத்தில் சப்பாத்துப் போட்டுப் படித்தவன் நீ. அதற்காக நான் ஒருநாளும் உன்னிடம் கோப முகம் காட்டியதில்லை. ஆனால் படிக்காதவன் என்று என்னைச் சொல்லாதே. தோணி எஞ்சினோடு வந்த ஆங்கிலப் புத்தகத்தை அகராதியை வைத்துக்கொண்டு சொல் சொல்லாகப் பிரித்துப் படித்து, இந்த வாவிக்கரையில் யாரும் திறக்கப் பயந்த எஞ்சினைத் திறந்து பூட்டியவன் நான். பொது நூலகத்தில் என் பெயர் தெரியாத ஆள் இல்லை. நான் பள்ளிக்கூடத்தை முடிக்காதவன், அவ்வளவுதான்.

நீ காய்ச்சலை மட்டும்தான் கேள்விப்பட்டாய். முதலிலிருந்து சொல்கிறேன், கேள்.

மார்ச் மாதம், நோர்வேயில் பேர்கனில் மேற்படிப்புக்கு இடமும் புலமைப்பரிசிலும் கிடைத்தது என்று டினோஷா ஓடிவந்து சொன்னபோது இமெல்டா அழுதாள். நான் வீட்டைச் சுற்றி நடந்தேன், வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. வாவியில் மீன் ஏன் திடீர் திடீரென்று செத்து மிதக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும் என்பது அந்தப் பிள்ளையின் ஆசை. வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் படித்த நாளெல்லாம் போத்தல் போத்தலாகத் தண்ணீர் அள்ளிக்கொண்டு வந்து என் மேசையில் அடுக்கினாள். நீ இருக்கும் அதே ஊரில் அதைப் படிக்க இடம் கிடைத்தது தேவதாயின் கிருபை என்றாள் இமெல்டா. நீயும் அன்று சந்தோஷப்பட்டாய். அன்று மட்டும்.

அடுத்த ஞாயிறு உன் பாடம் தொடங்கியது. அங்கே யாரும் யாரையும் எங்கே போகிறாய் என்று கேட்கமாட்டார்கள், நீயும் கேட்காதே. பஸ்ஸில் இன்னொருவருக்குப் பக்கத்தில் இருக்காதே. ஒருமுறை வேண்டாம் என்றால் வேண்டாம்தான், இரண்டாம் முறை யாரும் கேட்கமாட்டார்கள். தொட்டதற்கெல்லாம் நன்றி சொல். தனியாகச் சாப்பிடப் பழகு. கருவாடு கொண்டுவராதே. டினோஷா என்று சொல்ல அவர்களுக்கு வராது, டினா என்று சொல். ஒவ்வொரு ஞாயிறும் ஒன்றிரண்டு கூடிக்கொண்டே வந்தது. போதாதற்கு அந்தப் பல்கலைக்கழகமும் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கென்று கணினியில் வகுப்பு நடத்தியது. அவர்கள் ஆறுதலாகச் சொன்னதை நீ பயமுறுத்திச் சொன்னாய்.

பிள்ளை சொன்னதைச் செய்கிற பிள்ளை. எங்கள் மேலேயே பழகத் தொடங்கினாள்.

இமெல்டா தேத்தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தால் “தாங்ஸ் அம்மா” என்கிறாள். முதல் நாள் இமெல்டா சிரித்தாள். இரண்டு மூன்று நாள் போக, குசினிக்குள் நின்று என்னிடம் கேட்டாள்: “நான் என்ன கடைக்காரியா அண்ணன், நன்றி சொல்லிக் கணக்கு முடிக்கிறதுக்கு?” உன்னைக் கேட்கச் சொன்னேன்.

பஸ்ஸில் ஏறி, பக்கத்து இருக்கையில் தன்னுடைய பையை வைத்துக்கொண்டு யன்னலைப் பார்த்தபடி இருந்திருக்கிறாள். காத்தான்குடிச் சந்தையால் வருகிற நேரம், சனம் பிதுங்குகிறது. கொண்டக்டர் வந்து, பைக்கும் ஒரு டிக்கட் எடுங்க தங்கச்சி, முழு டிக்கட்டா அரை டிக்கட்டா என்று கேட்டானாம். பஸ் முழுக்கச் சிரித்திருக்கிறது. வீட்டுக்கு வந்து சொல்லித் தானும் சிரித்தாள். பிறகு அழுதாள்.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ஆசியா உம்மா வீட்டுக்குப் போனோம். வழமையான வட்டிலப்பம். பிள்ளை நெஞ்சில் கையை வைத்து, வேண்டாம் என்று ஒரு முறை சொல்லிவிட்டுச் சும்மா இருந்தாள். ஆசியா உம்மாவும் வழமைபோல வெட்டி வைத்துக்கொண்டே போனா. இங்கே வேண்டாம் என்பது கேட்டதற்குக் கொடுக்கும் மரியாதை. மூன்றாம் தரம் கேட்கும்போது எடுக்க வேண்டும், அது எல்லோருக்கும் தெரியும். டினோஷா எல்லாவற்றையும் விளக்கினாள். நோர்வேயில் முதல் தரமே முடிவு உம்மா, நான் பழகுகிறேன் என்றாள். ஆசியா உம்மா கரண்டியை நிறுத்தவேயில்லை. “அப்ப அங்க பட்டினியாத்தான் கிடப்பாய் மகள். அதுக்கும் சேத்து இஞ்ச தின்னு.”

எல்லாவற்றையும் பொறுத்தேன். தனியாகச் சாப்பிட அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாளே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. வீட்டில் மூன்று பேர், அதில் ஒருத்தி கதவுக்கு உள்ளே. இமெல்டா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள், வாயில் வைக்கவில்லை. நான் என் கதிரையைத் தூக்கிக்கொண்டுபோய் அந்தக் கதவுக்கு வெளியே போட்டு அங்கே இருந்து சாப்பிட்டேன். இறால் ஆணம் நல்லாயிருக்கு, யாராவது இருந்தால் சொல்லலாம் என்று சத்தமாகச் சொன்னேன். உள்ளேயிருந்து சிரிப்புக் கேட்டது. ஆனால் கதவு திறக்கவில்லை. உன் பாடம் அவ்வளவு ஆழமாக இறங்கியிருந்தது.

இனி ஐஸ் கதை. நீ சிரித்த கதை.

பிள்ளையின் வாய்க்கும் கைக்கும் நீ பழக்கம் சொல்லிக் கொடுக்கிறாய், உடம்புக்கு யார் சொல்லிக் கொடுப்பது என்று யோசித்தேன். நூலகத்தில் வடதுருவத்துக்குப் போனவர்களைப் பற்றிய புத்தகம் எடுத்து வாசித்தேன். குளிருக்கு உடம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. என் பழைய சிநேகிதன் நௌஷாட், கல்குடாப் பக்கம் மீனுக்கு ஐஸ் அடிக்கும் ஆலை ஒன்றில் மேற்பார்வை செய்கிறான். அவனிடம் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனேன். விஷயத்தைச் சொன்னேன். “ஜெயராஜா அண்ணன், நாங்க மீனைத்தான் உள்ள வைக்கிற. மனிசரை வெச்சுப் பழக்கமில்ல.” நான் விடவில்லை. டினோஷாவும் விடவில்லை, அதையும் எழுதுகிறேன். இமெல்டா நுவரெலியாவில் வாங்கிய கம்பளிச் சட்டை, அதற்கு மேல் என்னுடைய மழைக்கோட்டு, பள்ளிக்கூடக் காலத்துக் காலுறை இரண்டு சோடி. சிரித்துக்கொண்டுதான் உள்ளே போனாள். ஐஸ் கட்டிகளுக்கு நடுவில் நின்று படம் எடுத்தாள். வா, போதும் என்று நௌஷாட் மூன்று தரம் கூப்பிட்டான். நான் போதும் என்று சொல்லவில்லை, அவளும் வெளியே வருகிறேன் என்று சொல்லவில்லை. நாங்கள் ஒரே குடும்பம்.

வெளியே கச்சான் காற்று அடிக்கிற வெயில். அந்த வெக்கைக்குள் மோட்டார் சைக்கிளின் பின்னால் இருந்து வீடு வந்தாள். பின்னேரம் காய்ச்சல், அடுத்த நாள் நெஞ்சுச் சளி, அதற்கு அடுத்த நாள் ஆசுபத்திரி. இமெல்டா இன்று வரைக்கும் என்னோடு நேரே கதைப்பதில்லை. சோற்றை வைத்துவிட்டு, “சாப்பாடு கிடக்கு” என்று சுவருக்குச் சொல்லிவிட்டுப் போகிறாள்.

இதைக் கேட்டுத்தான் நீ அப்படிச் சிரித்தாய். பேர்கனில் அவ்வளவு ஐஸ் இல்லை, மழைதான், வருஷம் முழுக்க எங்கள் மாரி மாதிரி மழை என்றாய்.

தம்பி, நான் உன்னிடம் கேட்கிறேன். முப்பத்தைந்து வருஷமாக அந்த ஊரில் இருக்கிறாய். ஒரு நாளாவது, அண்ணன் இங்கே மழை என்று எழுதினாயா? நத்தாருக்கு நத்தார் பனி மூடிய கூரைப் படம் அனுப்பினாய். அதைத்தானே நாங்கள் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறோம்? மழை என்று தெரிந்திருந்தால் இந்தப் பிள்ளையை நான் ஏன் ஐஸ் அறைக்குக் கூட்டிப்போகிறேன்? மாரி வெள்ளத்தில் தோணியில் இருந்து பள்ளிக்கூடம் போனவள் அவள். அவளுக்கு யாராவது மழை பழக்க வேண்டுமா? பிழை நடந்தது உண்மை. அதில் பாதி உன்னுடையது. நான் மன்னிப்புக் கேட்கப்போவதில்லை, நீயும் கேட்கமாட்டாய் என்று தெரியும்.

இதெல்லாம் சின்ன விஷயம். இதற்காக நான் ஒற்றைக் காகிதமும் வீணாக்கியிருக்கமாட்டேன். நீ செய்த பெரிய காரியம் வேறு.

ஆசுபத்திரிக் கட்டிலில் கிடந்த பிள்ளைக்குத் தனியாக ஒரு குரல் செய்தி அனுப்பியிருக்கிறாய். எங்களுக்குத் தெரியாமல். நேற்று வீட்டுக்கு வந்ததும் அவள் என்னிடம் சொன்னாள்: பல்கலைக்கழகத்துக்கு எழுதப்போகிறேன் மாமா, இந்த வருஷம் வரமுடியாது என்று. பதினைந்தாம் திகதிக்கு முன் எழுதிவிட்டால் ஒரு வருஷம் தள்ளிக் கொடுப்பார்களாம். காய்ச்சலுக்குப் பயந்துவிட்டாயா என்று கேட்டேன். போனைக் கையில் தந்தாள். உன் குரல்.

“மகள், முப்பத்தஞ்சி வருஷம். எனக்கு இன்னும் இந்த இடம் பழகல்ல. நீ வராத. தள்ளிப்போடு. கொழும்பில ஒரு வருஷம் தனிய இருந்து பாரு, ஏலுமெண்டா மறுகா யோசி.”

இரண்டு தரம் கேட்டேன். முதல் தரம் கோபம் வந்தது. இரண்டாம் தரம் வந்தது என்னவென்று இப்போதைக்கு எழுதமாட்டேன்.

ஒரு வருஷம் தள்ளினால் அது போய்விடும், உனக்கும் தெரியும். புலமைப்பரிசில் அடுத்த வருஷம் யாருக்கோ. இங்கே பெண்பிள்ளைக்கு இருபத்தைந்து வயது என்றால் ஊர் சும்மா இருக்காது. இமெல்டா வாயால் சொல்லவில்லை, ஆனால் நேற்றிலிருந்து குசினிக்குள் பாட்டுக் கேட்கிறது. பிள்ளை போகாமல் பக்கத்திலேயே இருந்துவிடும் என்ற சந்தோஷம். அந்தப் பாட்டு எனக்குக் காது வலிக்கிறது.

நான் பிள்ளையைப் பேசினேன். நல்லாய் ஏசிப் பேசினேன். சின்னமாமா சொன்னதற்காக ஒதுங்குகிறாயா, பெரியமாமா சொன்னால் ஐஸுக்குள்ளும் நிற்கிறாயே என்றேன். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். இமெல்டா வந்து என்னை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினாள். அப்போதும் சுவரைப் பார்த்துத்தான், “நோயாளிப் பிள்ளைய விடச் சொல்லு” என்றாள்.

இமெல்டாவுக்கு ஒரே பிள்ளை. உனக்கும் எனக்கும் ஒரே மருமகள். நீயும் தாய்மாமன், நானும் தாய்மாமன். எனக்கு என்ன உரிமையோ அதே உரிமை உனக்கு. பயமுறுத்துகிற உரிமை மட்டும் இரண்டு பேருக்கும் இல்லை.

பழகு பழகு என்கிறாயே, நீ சொன்னதை எல்லாம் எடுத்துப் பார். பெயரைச் சுருக்கு. கருவாட்டை விடு. கேட்காதே. பக்கத்தில் இருக்காதே. இதில் ஒன்றாவது செய்யச் சொல்கிற பழக்கமா? எல்லாம் விடச் சொல்கிற பழக்கம். ஒவ்வொன்றாக விட்டுக்கொண்டே போனால் கடைசியில் பழகுவதற்கு யார் மிச்சம் இருப்பார்? சாமியார் தலையில் தண்ணீர் ஊற்றி வைத்த பெயர் டினோஷா. மூன்றே எழுத்தளவு சத்தம். உங்கள் ஊர்களின் பெயரை நான் போனில் கேட்டுக் கேட்டு இந்த வயதில் சொல்லப் பழகினேன், நாக்கு விழுந்துவிடவில்லை. அவர்களும் பழகட்டும். பிள்ளை மட்டும்தான் பழக வேண்டும் என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது?

எங்கே போகிறாய் என்று கேட்கக் கூடாதாம். இங்கே சந்திக்குப் போய்ப் பாண் வாங்கி வருவதற்குள் அரை ஊர் என்னிடம் அதைக் கேட்கிறது. ஒருவருக்கும் பதில் வேண்டியதில்லை. கண்டோம், நீ இருக்கிறாய் என்று சொல்கிறார்கள், அவ்வளவுதான். அங்கே அதைச் சொல்ல வேறு வார்த்தை இருக்கும். உனக்கு அது கிடைக்கவில்லை என்பதற்காக அது இல்லை என்று பிள்ளையிடம் சொல்லாதே.

கை நோகிறது. மிச்சம் பிறகு.

யூலை 8

கடிதம் இன்னும் தபாலுக்குப் போகவில்லை. மேலே எழுதியதில் ஒரு வரியையும் வெட்டவில்லை, வெட்டவும் மாட்டேன். ஆனால் சேர்க்க வேண்டியது இருக்கிறது.

நேற்று மத்தியானம் பின்வளவில் ஒரு எஞ்சினைக் கழற்றிப் போட்டுக்கொண்டு இருந்தேன். டினோஷா கோப்பையில் சோற்றைப் போட்டுக்கொண்டு வந்து பக்கத்தில் இருந்த மரக்குற்றியில் இருந்தாள். கரண்டி இல்லை, முள்ளுக்கரண்டி இல்லை. கையால் பிசைந்து சாப்பிட்டாள். நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் எழும்பிப் போய்விடுவாள் என்று பயம். பாதிச் சாப்பாட்டில், எஞ்சினைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

“சின்னமாமாட குரலை இன்னும் கேட்டுக்கிட்டுத்தான் இரிக்கன் மாமா. முப்பத்தஞ்சி வருஷமா பழகல்ல எண்டுறார். ஆனா முப்பத்தஞ்சி வருஷம் இருந்திரிக்கார். அப்ப பழகாமலும் இருக்கலாம் போல.”

நான் எஞ்சின் கழற்றுகிற சாவியைக் கீழே வைத்துவிட்டேன்.

“அவர் அவ்வளவு காலம் இருந்திட்டார், நான் ரெண்டு வருஷம் இருக்க மாட்டனா? நான் அங்க பழகப் போகல்ல மாமா. படிக்கப் போறன்.”

தம்பி, இதை நான் சொல்லிக் கொடுக்கவில்லை. எனக்கு இது தோன்றவும் இல்லை. நான் உன்னைத் திட்டிப் பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டிருந்தபோது, உன்னுடைய அதே வார்த்தையை அந்தப் பிள்ளை திருப்பிப் பார்த்திருக்கிறாள். நீ வராதே என்று அனுப்பியது, வா என்று அவளுக்குக் கேட்டிருக்கிறது. நீ தோற்றாய். நானும் வெல்லவில்லை. இப்போதைக்கு அதுதான் கணக்கு.

பின்னேரமே பல்கலைக்கழகத்துக்கு எழுதிவிட்டாள், வருகிறேன் என்று. டினோஷா என்று முழுப் பெயரும் போட்டு எழுதினாள், நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். இமெல்டாவின் பாட்டு நின்றுவிட்டது. இன்று காலையில் மிளகாய் வறுத்து இடிக்கத் தொடங்கினாள். இடிக்கிற சத்தம் கொஞ்சம் அதிகம்தான். வீடே தும்முகிறது. ஆனால் கருவாட்டை நன்றாகச் சுற்றினால் மணம் வெளியே வராதா அண்ணன் என்று என் முகத்தைப் பார்த்தே கேட்டாள். அங்கே அதற்கு விடுவார்களோ தெரியாது என்று சொன்னேன். சுற்றுகிறாள்.

டினோஷா இன்னொன்றும் கேட்டாள். சின்னமாமா எயார்போட்டுக்கு வருவாரா என்று. கேட்ட வாயாலேயே உடனே சொன்னாள்: “வேணா மாமா, நீங்க கேக்காதீங்க. அவர் ஏலாது எண்டு சொல்லிட்டா எனக்குத் தாங்காது.” இதுவரைக்கும் அவள் உன்னை நேரில் கண்டதில்லை. அவள் பிறக்கும் முன்னரே நீ போய்விட்டாய். போனுக்குள் இருக்கிற மாமன் நீ. கேட்கமாட்டேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்தேன். நான் கேட்கவில்லை. எழுதுகிறேன்.

இனி எழுதுவதை நீ மட்டும் வாசி.

நீ சிரித்த அந்த ஞாயிறு தொடர்பு தானாக அறுந்தது என்றுதான் நீ நினைத்திருப்பாய். அறுந்ததல்ல, நான் அறுத்தேன். நீ சிரித்துக்கொண்டிருந்தபோது போன் உன் கையிலிருந்து நழுவி விழுந்தது. எடுப்பதற்கு உனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அந்த நேரத்தில் உன் வீட்டை நாங்கள் கண்டோம். ஒரு அறை. ஒரு கதிரை. கழுவாத ஒரே ஒரு கோப்பை. தரையில் விரித்தபடி கிடக்கிற மெத்தை. ஞாயிறு தோறும் மேர்லின் வேலைக்குப் போயிருக்கிறாள், பிள்ளைகள் வெளியே போயிருக்கிறார்கள் என்று சொல்வாயே, உன் மனைவியும் பிள்ளைகளும் இருக்கிற வீடு அதுவல்ல. டினோஷா உன்னோடு தங்கலாமா என்று இமெல்டா கேட்டபோது வீடு திருத்துகிறோம் என்றாயே, அன்று உன்னை நான் எவ்வளவு கேவலமாகப் பேசினேன் என்று இமெல்டாவைக் கேள். ஆசியா உம்மாவும் கண்டா. நான் போனை அணைத்துவிட்டு, லைன் சரியில்லை என்றேன். ஓம், லைன் சரியில்லைதான் என்று ஆசியா உம்மா சொன்னா. அதற்குப் பிறகு அதைப் பற்றி யாரும் ஒரு சொல்லும் கதைக்கவில்லை. அடுத்த பூசையில் இமெல்டா உன் பெயருக்கு மன்றாட்டுக் கொடுத்தாள். சாமியார் வாசித்தபோது நான் தலையைக் குனியவில்லை. எங்கள் தம்பி, எதற்குக் குனிய வேண்டும்?

டினோஷா அப்போது ஆசுபத்திரியில். அவளுக்குத் தெரியாது. எங்கள் வாயால் தெரியவும் வராது.

மேர்லினைப் பற்றி நான் கேட்கமாட்டேன். எப்போது, ஏன் என்றும் கேட்கமாட்டேன். நீ சொல்லும்வரைக்கும் கேட்காமல் இருக்க என்னால் முடியும், எனக்கு அந்தப் பிடிவாதம் இருக்கிறது. ஆனால் நான் உன்னை விட்டுவிட்டேன் என்று நினைக்காதே. அந்தப் பிள்ளையை நீ வரவேண்டாம் என்று சொன்னது அவளுக்காக மட்டுமல்ல, உன்னை அவள் அப்படிக் கண்டுவிடுவாள் என்றும்தான். இரண்டாம் தரம் கேட்டபோது எனக்கு விளங்கியது அதுதான். விளங்கியதற்காக உன் சொல்லை ஏற்றுக்கொள்ளமாட்டேன். நீ வெட்கப்படுகிறாய் என்பதற்காக ஒரு பிள்ளையின் படிப்பு நிற்காது.

ஆகவே கேள். ஓகஸ்ட் பத்தாம் திகதி, உங்கள் நேரம் பின்னேரம் நாலு மணியளவில் விமானம் வந்து இறங்கும். மாணவர் விடுதியில் அறை எடுத்தாயிற்று, அங்கே போக வழியும் அவளுக்குத் தெரியும். உன் வீட்டுக்கு அவள் வரமாட்டாள், வா என்று நீ சொல்லவும் தேவையில்லை. சமைக்கத் தேவையில்லை. மேர்லின் எங்கே என்று அவள் கேட்டால் வேலை என்று சொல், அவள் நம்புவாள், நான் அப்படி வளர்த்திருக்கிறேன். நீ வந்து நிற்க வேண்டும். அவ்வளவுதான். சாமான் தள்ளிக்கொண்டு வெளியே வருகிற பிள்ளைக்குத் தன் முகச்சாடையில் ஒரு மனிதன் அங்கே நிற்கிறான் என்று தெரிய வேண்டும். அவளுக்கு எங்கள் அம்மாவின் நெற்றி. உனக்கும் அதேதான். தேட வேண்டியிருக்காது.

அதற்குப் பிறகு மாதத்தில் ஒரு நாள் எங்காவது ஒரு கடையில் இருந்து தேத்தண்ணீர் குடியுங்கள். எங்கள் பாஷையில் அவளைப் பேச அங்கே ஒரு ஆள் வேண்டும். உன்னைப் பேசவும் ஒரு ஆள் வேண்டும். அவள் பேசுவாள், பயப்படாதே, என்னிடம் பழகியவள்.

இதை வேண்டுகோள் என்று எடுக்காதே. நான் மூத்தவன், சொல்கிறேன். வராவிட்டால் என்ன செய்வாய் என்று கேட்பாய். ஒன்றும் செய்யமாட்டேன். இன்னொரு கடிதம் எழுதுவேன். அதற்கும் வராவிட்டால் இன்னொன்று. எழுபத்தொரு வயதில் எனக்கு வேறு வேலை இல்லை, உனக்குத் தெரியும்.

தேவதாய் உன்னைக் கைவிடமாட்டா. நானும் விடமாட்டேன். அங்கே மழை பெய்தால் குடையை எடுத்துக்கொண்டு போ. நேரத்தோடு போய் வெறும் வயிற்றோடு நிற்காதே, தம்பி. மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் போ.

உன் அண்ணன்,
ஜெயராஜா